கருவேலம் எடுத்த காட்டில் வாரி ஓட்டும்போது செய்யக்கூடாதவை

எங்கள் கமுதிப் பக்கம் நிலத்தை நாலு வருஷம் தரிசாகப் போட்டால் ஐந்தாம் வருஷம் வரப்பு தெரியாது, சீமைக்கருவேலந்தான் தெரியும். அதை அழித்துத் திரும்ப உழவுக்குக் கொண்டுவர டிராக்டர் பின்னால் பல் வாரி, அதாவது சீப்பு மாதிரி இரும்புப் பல் வைத்த சட்டம், மாட்டி இழுக்கிறோம். வாரியின் பல் இடுக்கு வழியாக மண் கீழே உதிர வேண்டும், வேரும் முள்ளும் மட்டும் ஓரத்துக்குப் போக வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் காசையும் மேல்மண்ணையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

முதல் தவறு, வாரி வருவதற்கு முன்பே நடந்துவிடும். கரிமூட்டத்துக்கு மரம் கேட்டு வருபவர்கள் தரையோடு தரையாக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் தூரை, அதாவது வேரோடு நிற்கும் அடிமரத்தை, பெயர்க்க ஜேசிபிக்குப் பிடிமானமே இருக்காது. மூன்றடிக் கட்டையாவது நிற்கட்டும். அதைத் தள்ளினால் தூர் தானாகப் புரளும். கருவேலம் மறுபடி தழைப்பது ஆழத்தில் ஓடும் ஆணிவேரிலிருந்து அல்ல. தரைக்குக் கீழே ஒரு சாணுக்குள் இருக்கும் தூரின் கழுத்திலிருந்துதான். ஒரு அடி ஆழத்துக்குத் தூர் வெளியே வந்துவிட்டால் போதும், மிச்ச வேரைத் துரத்திக்கொண்டு பள்ளம் தோண்டுவது வீண் வாடகை.

தூரை வாரியாலேயே பெயர்த்துவிடலாம் என்று இறங்குபவர்களும் உண்டு. பல் வளையும், இல்லையென்றால் வாரியை டிராக்டரோடு பிணைக்கும் லிங்க் பின் அறுபடும். பெயர்ப்பது ஜேசிபி வேலை, கூட்டுவது வாரி வேலை.

இதைவிட மோசம், சங்கிலி கட்டி இழுப்பது. சங்கிலியை டாப் லிங்க் (டிராக்டரின் பின்னால் கருவியை மேல்பக்கம் பிடிக்கும், நீட்டிச் சுருக்கக்கூடிய தண்டு) கொக்கியிலோ உயரமான வேறு இடத்திலோ மாட்டி இழுத்தால், தூர் அசையாதபோது டிராக்டரின் மூக்கு மேலே எழும்பிவிடும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது, வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். இழுத்தே ஆக வேண்டுமென்றால் பின் அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும் மாட்டுங்கள்.

மண் பதம் பார்க்காமல் இறங்குவது அடுத்தது. ஈரக் கரிசலில் வாரி இழுத்தால் மண் பல்லில் அப்பி, வாரி பலகை மாதிரி ஆகிவிடும். காய்ந்து இறுகிய மண்ணிலோ வேர் பாதியில் ஒடிந்து உள்ளேயே தங்கும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். விழுந்ததும் உதிர்ந்தால் அன்றைக்கு வண்டியைக் கூப்பிடலாம்.

ஆழம் விஷயத்தில் நானே சூடுபட்டவன். முதல் தடவை 'நல்லா இறக்கி ஓட்டுங்க தம்பி' என்று பின்னால் நின்று சொன்னதே நான்தான். சாயங்காலம் பார்த்தால் நாலு பக்கமும் இடுப்பு உயரக் குவியல், பாதிக்கு மேல் மண். தீ வைத்தோம், மூன்று நாள் புகைந்தது, எரியவில்லை. பல் இரண்டு, மூன்று அங்குலம் இறங்கினால் போதும். டாப் லிங்கைச் சுருக்கினால் பல் குத்தும், நீட்டினால் வழுக்கிப் போகும். அதைத் திருகி வைத்துப் பத்தடி ஓட்டிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கூட்டியதைப் பத்துப் பதினைந்து நாள் காயவிட்டுப் புரட்டினால் ஒட்டிய மண் கொட்டிவிடும்.

திரும்பும்போது வாரியைத் தூக்காமல் வளைப்பது, இறக்கிய வாரியோடு ரிவர்ஸ் எடுப்பது, இரண்டுமே பல்லுக்குக் கேடு. வாரி பின்னால் இருப்பதால் முள்ளின் மேல் முதலில் ஏறுவது டயர்தான் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. கிளைகளை ஆள் விட்டு ஒதுக்கிவிட்டு ஓட்டினால் பஞ்சர் செலவு மிச்சம். சர்வே கல், போர் குழாய், கேபிள் போகும் தடம் எல்லாவற்றிலும் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். கல் ஒன்று பெயர்ந்தால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பஞ்சாயத்துதான்.

சரிவான நிலத்தில் குவியலைச் சரிவின் போக்கில் நீளமாகப் போடாதீர்கள். மழைத் தண்ணீர் அதை ஒட்டியே ஓடி மண்ணை அரிக்கும். குறுக்கே போடுங்கள்.

வாரியதும் நேராக ரோட்டாவேட்டர் விடுகிறார்கள். மிச்ச வேர் சுற்றிக்கொண்டு கத்தி போகும். அருகும் கோரையும் இருந்தால் துண்டு துண்டாகி, துண்டுக்கொன்றாக முளைக்கும். கொக்கிக் கலப்பையில் (கல்டிவேட்டர்) குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால் ஓட்டி, மேலே வந்த வேரைக் கூடையில் பொறுக்குங்கள். முதல் மழைக்குப் பிறகு ஆட்டுப் புழுக்கை கிடந்த இடமெல்லாம் கருவேலங்கன்று இரண்டு இலை விட்டு நிற்கும். விரல் நீளத்தில் இருக்கும்போது ஈரத்தில் கையாலேயே உருவிவிடலாம். ஒரு வருஷம் விட்டால் மறுபடி ஜேசிபிதான்.