போராட்டத்துக்கு மஃப்டியில் வரும் போலீஸ்: மேடிசன் கற்றுத்தந்த முறை

அமெரிக்காவில் ஆசிரியர்களும் செவிலியர்களும் தெருவுக்கு வரும்போது, எதிரே பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரரும் பெரும்பாலும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்தான். அவரது சங்கத்தை உங்கள் பக்கம் பேசவைக்க வழி இருக்கிறது. 2011 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில், அரசு ஊழியர் சங்கங்களின் உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து நடந்த போராட்டத்தை வைத்தே சொல்கிறோம்.

முதல் வேலை, மசோதாவில் போலீஸை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த மசோதா, சங்கங்கள் அடிப்படைச் சம்பளத்தைத் தவிர எதைப் பற்றியும் பேரம் பேச முடியாதபடி செய்தது. சம்பளத்திலிருந்து சந்தா பிடிப்பதை நிறுத்தியது. ஒவ்வோர் ஆண்டும் ஓட்டெடுப்பு நடத்தி, மொத்த ஊழியர்களில் 51 சதவீதத்தின் ஆதரவைக் காட்டினால்தான் சங்கத்துக்கு உயிர். உள்ளூர் போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் மாநில நெடுஞ்சாலைப் போலீசுக்கும் மட்டும் விலக்கு. வேடிக்கை என்னவென்றால், போராட்டம் நடந்த கேபிடல் என்ற சட்டமன்றக் கட்டடத்தைக் காவல் காத்த கேபிடல் போலீசுக்கு அந்த விலக்கு கிடையாது. விலக்கு பெற்றவர்களிடம் “இன்று எங்களுக்கு, நாளை உங்களுக்கு” என்று பேசுங்கள். விலக்கு இல்லாதவர்களிடம் அவர்களது சம்பளச் சீட்டை வைத்தே பேசலாம். அதே ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் இதே மாதிரிச் சட்டம் போட்டு போலீஸ் சங்கத்தின் மீதும் சேர்த்தே கைவைத்தார்கள்; நவம்பர் வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தார்கள்.

அடுத்து, யாரிடம் போவது? வாசலில் நிற்கும் காவலரிடமோ அவரது தலைமை அதிகாரியிடமோ போகாதீர்கள். சங்க நிர்வாகிகளிடம் போங்கள். மூன்றை மட்டும் கேளுங்கள்: எழுத்தில் ஒரு தீர்மானம், மேடையில் பேச ஒரு நிர்வாகி, ட்யூட்டி இல்லாதவர்கள் திரண்டு வர ஒரு தேதி. விஸ்கான்சின் போலீஸ் சங்கம் பிப்ரவரி 25 இரவைக் குறித்து, ட்யூட்டி முடிந்தவர்கள் போராட்டக்காரர்களோடு கேபிடலுக்குள்ளேயே படுத்துத் தூங்கலாம் என்று அழைத்தது. எல்லாச் சங்கமும் இப்படி வரும் என்று எண்ண வேண்டாம். அதே மாநிலத்தின் மில்வாக்கி நகரப் போலீஸ் சங்கமும் தீயணைப்புச் சங்கமும் 2010 ஆளுநர் தேர்தலில் வாக்கரையே ஆதரித்திருந்தன. உங்கள் ஆட்களே அதைக் குத்திக்காட்டுவார்கள். அந்தச் சண்டையை மேடைக்கு வரவிடாதீர்கள்.

வருகிறவர்கள் மஃப்டியில்தான் வர வேண்டும். சீருடை, பேட்ஜ், துறை வண்டி, துப்பாக்கி எதுவும் கூடாது. ‘காப்ஸ் ஃபார் லேபர்’ (தொழிலாளர் பக்கம் போலீஸ்) என்று அச்சிட்ட ஒரு டி-ஷர்ட் போதும். காரணம் சட்டத்தில் இருக்கிறது. அரசு ஊழியர் தன் பணியின் பகுதியாகப் பேசுவதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமகனாகப் பொது விஷயத்தைப் பேசினால் 1968 தீர்ப்பின்படி ஓரளவு பாதுகாப்பு உண்டு. சீருடையில் எடுத்த ஒரே ஒரு போட்டோ போதும், இந்தக் கோடு அழிந்துபோகும். தீயணைப்பு வீரர்கள் பேக்பைப் ஊதிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள் என்பதற்காக போலீஸும் அப்படி வரக் கூடாது. நாளைக்கு அதே கூட்டத்தைக் கலைக்கச் சொன்னால் போகவேண்டியவர் அவர். உடம்பு சரியில்லை என்று கூட்டமாக லீவு போடுவதையும் தூண்டிவிடாதீர்கள். பல மாநிலங்களில் போலீஸ் வேலைநிறுத்தம் சட்டவிரோதம்.

ட்யூட்டியில் நிற்பவரைப் பார்த்து “எங்களோடு வா” என்று கோஷம் போடவே போடாதீர்கள். கேமரா முன்னால் அவர் தலையாட்டினாலே விசாரணை வரும். அதற்குப் பதில் அவர் வேலையைக் குறையுங்கள். கைப்பட்டை கட்டிய தொண்டர்களைப் படிக்கட்டிலும் கதவோரத்திலும் நிறுத்தி நடைவழியைத் திறந்து வையுங்கள். குப்பையை நீங்களே அள்ளுங்கள். பதாகை ஒட்டுவதில் தனிக் கவனம் வேண்டும். சாதாரண செலோ டேப்பின் பசை சலவைக்கல்லில் தங்கிவிடும். பெயின்டர்கள் ஓரம் மறைக்க ஒட்டும் நீல நிற டேப்பை வாங்குங்கள், முதலில் ஒரு மூலையில் ஒட்டிப் பாருங்கள், கழற்றிய பின் சுவரைப் படம் எடுத்து வையுங்கள். மேடிசனில் கட்டடத்துக்கு 75 லட்சம் டாலர் சேதம் என்று அரசுத் தரப்பு சொன்னது; அந்தக் கணக்கு பின்னால் பெருமளவு இறங்கியது.

இந்த ஒழுங்குக்குப் பலன் உண்டு. பிப்ரவரி 27 மாலை 4 மணிக்குள் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கானோர் நகரவில்லை. கேபிடல் போலீஸ் தலைவர் சார்ல்ஸ் டப்ஸ் அன்றிரவு யாரையும் வலுக்கட்டாயமாக வெளியேற்றவில்லை. மேடிசன் அடங்கிய டேன் கவுன்டியின் (மாவட்டம் போன்றது) போலீஸ் தலைவரான ஷெரிஃப் டேவ் மஹோனி, தன் ஆட்கள் அரண்மனைக் காவலர்கள் அல்ல என்று சொல்லி வாசலிலிருந்து அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஷெரிஃப் மக்கள் ஓட்டில் வருபவர், அதனால் அவருக்கு அந்தத் துணிச்சல் இருக்கும். நியமனத்தில் வந்த தலைமை அதிகாரியிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். மசோதாவை இதெல்லாம் நிறுத்திவிடும் என்றும் நம்ப வேண்டாம். மார்ச் 11-ல் வாக்கர் கையெழுத்திட்டார்.

இந்தக் குறிப்பைத் தமிழ்நாட்டில் காவலராக இருக்கும் மச்சானுக்கு ஃபார்வர்ட் செய்யுமுன் ஒன்று: 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் போலீஸ்காரர் முன் அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேர்வதே குற்றம், 2 ஆண்டு வரை சிறை. அரசியல் நோக்கமுள்ள ஆர்ப்பாட்டத்துக்கும் அதே தடை. அங்கே மஃப்டி காப்பாற்றாது.