ஒரே சீட்டுக்கட்டில் வீடே ஆட: சட்டென்று முடியும் ஆட்டங்களைத் தேர்வது எப்படி

ஒரு சீட்டாட்டம் ஓடுமா இழுக்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது காத்திருக்கும் நேரம்தான். நம் முறை முடிந்து அடுத்த முறை வரும்வரை எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டும் என்று பாருங்கள். ஆறு பேர் ரம்மி ஆடி, ஆளுக்கு இருபது விநாடி யோசித்தால் ஒருவர் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அதற்குள் எழுந்து டிவி பக்கம் போய்விடும். இலங்கைத் தமிழர் வீடுகளில் ஆடும் முன்னூற்றி நாலு அருமையான ஆட்டம். ஆனால் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11 என்று புள்ளிகளை மனப்பாடம் செய்யாமல் அதில் உட்கார முடியாது. அதைப் பிள்ளைகள் தூங்கியபின் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர் என்றால் ஸ்பீட், மூன்று முதல் ஆறு பேர் வரை கழுதை, அதற்கு மேல் ஸ்பூன். பொய் சொல்லத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் ப்ளஃப். எல்லாவற்றுக்கும் 52 சீட்டுள்ள ஒரு சாதாரணக் கட்டு போதும், ஜோக்கரை எடுத்துவிடுங்கள்.

கழுதை

கலந்த வயதுக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைப்பது கடினம். சில வீடுகளில் இதையே ஆஸ் என்பார்கள். 52 சீட்டையும் பகிர்ந்துவிட வேண்டும். ஐந்து பேரென்றால் இருவருக்கு 11, மற்றவர்களுக்கு 10 வரும். ஒரு சீட்டு வித்தியாசம் ஆட்டத்தைக் கெடுக்காது.

இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் அதைப் போட்டு ஆரம்பிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு இஸ்பேட் போட வேண்டும். இந்த முதல் சுற்றில் மட்டும், இஸ்பேட் இல்லாதவர் எதை வேண்டுமானாலும் போடலாம், தண்டனை கிடையாது. விழுந்த சீட்டுகளைக் கவிழ்த்து ஓரமாக ஒதுக்குங்கள். எந்தச் சுற்றிலும் பெரிய சீட்டு போட்டவரே அடுத்த சுற்றை ஆரம்பிப்பார். ஆஸ்தான் பெரியது, இரண்டு சிறியது.

இரண்டாம் சுற்றிலிருந்து வெட்டு உண்டு. சுற்றை ஆரம்பித்தவர் போட்ட வகைதான் (இஸ்பேட், ஆட்டின் போல) கேட்ட வகை. அது கையில் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டுகிறார். வெட்டு விழுந்த நொடியே சுற்று நின்றுவிடும், மீதிப் பேர் போட வேண்டியதில்லை. அதுவரை கேட்ட வகையில் பெரிய சீட்டு போட்டவர் கீழே கிடப்பதை எல்லாம் அள்ளிக் கையில் சேர்த்துக்கொண்டு, அடுத்த சுற்றைத் தொடங்குவார். கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

நன்றாக ஆட ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு வகையில் 13 சீட்டுதான். நாலு பேர் ஆடும்போது ஒரே வகை மூன்று முறை முழுதாகச் சுற்றினால் 12 போய்விடும். அதனால் ஒரு வகை முதன்முறை வரும்போது ஆஸ், ராஜா, ராணியைத் தள்ளிவிடுங்கள், அப்போது வெட்டு விழ வாய்ப்பு குறைவு. இரண்டு, மூன்றைப் பத்திரமாக வைத்திருந்து மூன்றாம் சுற்றில் இறக்கினால் அள்ளுவது வேறொருவராக இருக்கும். புதிதாக ஆடுபவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள்: சின்னதை எல்லாம் முதலில் போட்டுவிட்டு, கடைசியில் கை நிறைய ராஜா ராணியோடு அள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஆறு பேர் ஆடினால் இரண்டாவது சுற்றே ஆபத்து, ஏனென்றால் 12 சீட்டு இரண்டே சுற்றில் தீர்ந்துவிடும்.

சண்டை வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கள்ள வெட்டு. கையில் ஆட்டின் இருக்க, இல்லை என்று நினைத்து வெட்டுவது. பிள்ளைகள் இதை வேண்டுமென்று செய்வதில்லை. ஆட்டினும் டைமண்டும் இரண்டுமே சிவப்பு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படாது. இஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமண்ட் என்று கறுப்பும் சிவப்பும் மாறி மாறி அடுக்கச் சொல்லிக்கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். தெரிந்தே வெட்டினால் அந்தக் குவியல் வெட்டியவருக்கே.

இரண்டாவது, கடைசிச் சீட்டைப் போட்டவரே பெரிய சீட்டும் போட்டிருந்தால் என்ன செய்வது? யாராவது வெட்டியிருந்தால், கடைசிச் சீட்டைப் போட்டவரே அள்ளிக்கொண்டு மறுபடி ஆட்டத்தில் இருக்கிறார். வெட்டு விழாவிட்டால் அவர் தப்பித்தார், அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் ஆரம்பிக்கட்டும். வீட்டுக்கு வீடு இது மாறும், ஆகவே பகிர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, கடைசி இருவர். இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் குவியல் அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இருவர் மிஞ்சியதும் சீட்டை எண்ணி, அதிகம் வைத்திருப்பவரைக் கழுதை ஆக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவது நல்லது.

ஸ்பூன்

இதில் காத்திருப்பே கிடையாது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை. ஆட்கள் எத்தனையோ அத்தனை எண்களில் நாலு நாலு சீட்டு எடுங்கள். ஏழு பேரென்றால் ஆஸ் முதல் ஏழு வரை, 28 சீட்டு. ஆளுக்கு நாலு வரும். நடுவில் ஆறு ஸ்பூன், அதாவது ஆட்களைவிட ஒன்று குறைவு.

எல்லோரும் வேண்டாத ஒரு சீட்டைக் கவிழ்த்து இடப்பக்கம் வைக்க, ஒருவர் ‘போடு’ என்றதும் வலப்பக்கம் வந்திருப்பதை எடுக்கிறார்கள். நாலும் ஒரே எண்ணாகச் சேர்ந்தவர் சத்தமில்லாமல் ஸ்பூனை எடுப்பார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் பாய வேண்டும். ஸ்பூன் கிடைக்காதவருக்கு க, அடுத்த முறை ழு, மூன்றாவது முறை தை, ஆள் அவுட். அவரோடு ஒரு எண்ணையும் ஒரு ஸ்பூனையும் எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

‘போடு’ இல்லாமல் அவரவர் வேகத்துக்குத் தள்ளினால் மெதுவாக ஆடுபவர் முன்னால் சீட்டு குவிந்து நிற்கும், பாட்டி மாட்டிக்கொள்வார். ஸ்டீல் ஸ்பூன் விரலைக் கீறும். பாட்டில் மூடிகள் போதும், அவற்றை எல்லோர் கைக்கும் சம தூரத்தில் வையுங்கள்.

ப்ளஃப், ஸ்பீட், ஸ்னாப்

ப்ளஃப்பில் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ‘மூன்று ராஜா’ என்பார் ஒருவர். அடுத்தவர் ராஜா என்று சொல்லியே மேலும் போடலாம், பாஸ் சொல்லலாம், அல்லது திருப்பிப் பார்க்கலாம். பொய்யென்றால் போட்டவர் குவியலை எடுக்கிறார், உண்மையென்றால் திருப்பியவர். எல்லோரும் பாஸ் சொன்னால் குவியல் ஆட்டத்தைவிட்டே வெளியேறும். ஆஸ், இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்லும் இன்னொரு முறையும் உண்டு. அதில் குவியல் கைமாறுமே தவிரக் குறையாது, ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். கடைசிச் சீட்டைக் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடுக்கு ஆளுக்கு 5 சீட்டு கையில், 15 பக்கத்தில் எடுப்பதற்கு. நடுவில் திறக்க இரண்டு சீட்டு, அவற்றின் இருபுறமும் ஐந்தைந்து கவிழ்த்து. திறந்திருக்கும் சீட்டைவிட ஒன்று கூடுதலோ குறைவோ இருந்தால் முறை பார்க்காமல் போடலாம், போட்டதும் ஐந்தாக நிரப்பிக்கொள்ள வேண்டும். இருவருக்கும் வழியில்லை என்றால் ஓரக் கட்டிலிருந்து ஆளுக்கொன்று நடுவில் திறக்கலாம். சீட்டு முதலில் தீர்ந்தவர் ஜெயித்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்னாப் போதும்: மாறி மாறித் திறந்து, ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் குவியலைத் தட்டுவது.

ஊனோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே சேர்த்த விதிகள். பொருந்தும் சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பதும், ‘இரண்டு எடு’ மேல் இன்னொரு ‘இரண்டு எடு’ போடுவதும் அதன் அசல் விதியில் இல்லை. ஒன்றே ஒன்று எடுத்துவிட்டு முறையைக் கடத்தினால் ஆட்டம் பறக்கும்.

உட்காருவதற்கு முன்

மின்விசிறியைக் குறையுங்கள், கவிழ்த்த சீட்டு திரும்பிவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையில் சீட்டை நகத்தால் கிளப்ப வேண்டியிருக்கும், ஜமுக்காளம் விரித்தால் விரலுக்கு வாகாக இருக்கும். சின்னக் கைக்குப் பத்துச் சீட்டைப் பிடிக்க வராது, விசிறி போல விரித்துக் கீழ்நுனியில் துணிக் கிளிப் மாட்டிக்கொடுங்கள்.

கழுதை ஆடி முடித்த கட்டில் ஒரே வகைச் சீட்டுகள் கொத்துக் கொத்தாக இருக்கும். இரண்டு முறை குலுக்கிப் பகிர்ந்தால் ஒருவர் கையில் ஒரே வகை குவிந்து, அடுத்த ஆட்டம் முழுக்க வெட்டுதான். இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சொருகும் முறையில் ஏழு தடவை கலைத்தால் நன்றாகக் கலையும். அது வராதவர்கள் எல்லாவற்றையும் ஜமுக்காளத்தில் கவிழ்த்துக் கொட்டி, இரு கையாலும் ஒரு நிமிடம் அளைந்து திரட்டலாம்.

ஒரு சீட்டு தொலைந்திருந்தால் ஜோக்கரில் அதன் பெயரை எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பூனுக்கு அதுவும் தேவையில்லை, அந்த எண்ணைத் தவிர்த்துவிட்டு வேறு எண்ணை எடுத்தால் போதும்.