பழைய லயத்தைப் பொதுவுக்குத் திருத்தும்போது செய்யக்கூடாதவை

இலங்கை மலையகத்தில் கைவிடப்பட்ட பழைய லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசை அறைகளாகக் கட்டிய வீட்டை, வாசிகசாலையாகவோ முன்பள்ளியாகவோ மாற்ற நினைப்பது நல்ல காரியம். கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயம் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவே இருக்கிறது. ஆனால் ஆர்வத்தில் செய்யும் சில வேலைகள் கட்டடத்தையே கெடுத்துவிடும்.

சுவரைப் பார்க்கும் முன் பின்னாலுள்ள மேட்டைப் பாருங்கள். 2014 அக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் பிள்ளைகளை அங்கே கூட்டவே வேண்டாம். அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்தை நடத்தும் துரை வாயால் சொன்னது போதாது. துரை மாறினால் பேச்சும் மாறும்.

அடுத்தது சிமெந்து. அதிகம் நடக்கும் தவறு இதுதான். பழைய லயச் சுவர் பெரும்பாலும் கருங்கல்லை மண்ணாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ பிடித்துக் கட்டியது. மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெந்து பூசி எனாமல் பெயின்ட்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பூச்சு உப்பிக்கொண்டு வரும், தட்டினால் பொத்தென்று கேட்கும், அப்புறம் பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடித்தாலே போதும்.

கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அடித்து உடைக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்து, முகக்கவசம் போட்டு, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

பெரிய மண்டபம் வேண்டுமென்று நடுச்சுவர்களை எல்லாம் இடிப்பார்கள். பல லயங்களில் கூரைச் சட்டம் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சரி, பொறியியலாளரைக் கேட்டு ஒன்றிரண்டை எடுக்கலாம். ஆனால் ஒரு காம்பராவையாவது, அதாவது ஒரு குடும்பத்துக்கான அறையையாவது, அப்படியே விடுங்கள். ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. அதற்குள்தான் ஒரு குடும்பம் சமைத்தது, படுத்தது, பிள்ளை பெற்றது. அடுப்புக்கு மேலே சுவரில் ஏறியிருக்கும் கரியைச் சுரண்டாதீர்கள். சாமிப் படம் மாட்டிய ஆணியையும் பிடுங்காதீர்கள். நம் பாட்டிமார் அங்கே வாழ்ந்ததற்கு வேறு பத்திரம் இல்லை.

இதையெல்லாம் கொழும்பிலிருந்து வரைபடம் போட்டு முடிக்கக் கூடாது. பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்களிடம் எந்த நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். சாவி பக்கத்து லயத்திலேயே இருக்கட்டும். முன்வாசலுக்கு வேலி மட்டும் போட்டுவிடாதீர்கள். மாசியில் மன்மதன் கதையான காமன் கூத்து ஆட இடம் வேண்டும்.