டிலியில் எரிந்த வீட்டில் தங்கும் முறை

கிழக்குத் திமோரின் தலைநகரான டிலி, இந்தோனேசியாவிடமிருந்து பிரிவது பற்றிய 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பை அடுத்துப் பெரும்பகுதி எரிக்கப்பட்டதால், அமைதிப்படையினரான எங்களில் பலர் கூரையற்ற சுவர்களுக்குள்ளேயே தங்க நேர்ந்தது. அத்தகைய வீட்டில், வெடிக்காத குண்டுகள் உள்ளனவா என்று பொறியியல் பிரிவினர் பார்த்து முடிக்கும்வரை எதையும் தொடக் கூடாது. பிறகு சாம்பலை அகற்றி, மழைக்காலம் வலுக்குமுன், நீர் தேங்காதபடி தார்ப்பாயைச் சரிவாக இழுத்துக் கட்ட வேண்டும். மலேரியாவை எளிதாக எண்ண வேண்டாம்; கொசுவலைக்குள் உறங்குவதுடன், மருத்துவர் தந்த டாக்சிசைக்ளின் மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டு, நாடு திரும்பிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும் (பெரும்பாலோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்). கிணற்று நீர் தெளிந்திருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வீட்டுக்குரியவர் திரும்பி வந்தால், தாமதமின்றி இடத்தை ஒப்படைத்துவிட வேண்டும்.