திறமூலத் திட்டத்துக்கு வடிவமைப்பால் பங்களிப்பது எப்படி?

மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளின் இடைமுகத்தை, அதாவது பயனர் காணும் திரையையும் பொத்தான்களையும், சீர்செய்ய முன்வரும் வடிவமைப்பாளர்களில் பலர், முகப்புத் திரை முழுவதையும் புதிதாக வரைந்து, திட்டத்தை நடத்தும் பராமரிப்பாளர்களிடம் கொடுக்கிறார்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் அது கிடப்பில் போய்விடும். அதைச் செயல்படுத்த எவ்வளவு உழைப்பு தேவை, பழைய வசதிகளில் எவை காணாமல் போகும் என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் விடை இருக்காது. ஆகவே ஒரே ஒரு சிறிய இடர்ப்பாட்டை, நேரில் கண்ட சான்றோடு கொண்டு செல்லுங்கள்.

முதலில் அந்த மென்பொருளைச் சில வாரங்களாவது அன்றாட வேலைக்குப் பயன்படுத்துங்கள். பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டிக் கோப்பைப் படியுங்கள். லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலை உருவாக்கும் க்னோம், கேடிஇ போன்ற பெரிய திட்டங்களுக்கு இடைமுக நெறிமுறைகளே தனியாக உண்டு. குறைகளும் கோரிக்கைகளும் பதிவாகும் இஷ்யூ பட்டியலில், மூடப்பட்டவற்றையும் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் புதிதாகக் கண்டதாக நினைக்கும் குறை முன்பே விவாதிக்கப்பட்டு, தக்க காரணத்தோடு ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து, அந்த மென்பொருளை இதுவரை தொடாத ஐந்து பேரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அருகில் அமர்ந்து கவனியுங்கள். ஐந்து பேர் போதுமா என்று தயங்க வேண்டாம். பயன்பாட்டுக் குறைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கைக்குள்ளேயே தென்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். “இந்தக் குறிப்பை பிடிஎஃப் கோப்பாக மாற்ற வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் தடுமாறும்போது உதவிக்குப் போகாமல் இருப்பதுதான் இதில் மிகக் கடினமானது.

ஒரு குறிப்பேட்டுச் செயலியை நான் இப்படிச் சோதித்தபோது, ஒருவர் ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்காததுபோல் தோன்றவே, மேலும் இருமுறை அழுத்தினார். கோப்பு முதல் முறையிலேயே உருவாகிவிட்டது. அதை அறிவிக்கும் வரி, திரையின் கீழ் மூலையில் வெளிர்சாம்பல் நிறத்தில் இரண்டு நொடி தோன்றி மறைந்திருந்தது. கோப்புறையைத் திறந்தால் ஒரே குறிப்புக்கு மூன்று பிரதிகள். ஐவரில் இன்னும் இருவரும் இப்படியே மறுபடி அழுத்தினர்.

இதை “இடைமுகம் குழப்பமாக இருக்கிறது” என்று பதிவிட்டால் யாராலும் எதையும் செய்ய இயலாது. “ஏற்றுமதி முடிந்தது பயனருக்குத் தெரிவதில்லை, ஐவரில் மூவர் பொத்தானை மறுபடி அழுத்தினர்” என்று தலைப்பிட்டு, பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றைத் திரைப்பிடிப்போடு எழுதுங்கள். அளந்து காட்டக்கூடியதை அளந்தே காட்டுங்கள். #999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் எழுத்துக்கு வெள்ளைப் பின்னணியில் கிடைக்கும் மாறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) சுமார் 2.85:1, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை நெறிமுறை, ஏஏ எனும் நடு நிலையில் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பதோ 4.5:1. நிறத்தை #767676 என்று மாற்றினாலே அந்த வரம்பை எட்டிவிடலாம். ரசனையைப் பற்றிய விவாதம் முடிவில்லாமல் நீளும். இத்தகைய எண்ணைக் கண்ட பராமரிப்பாளர் பெரும்பாலும் உடனே ஒப்புக்கொள்வார்.

தீர்வை முதலில் கையால் வரைந்த கோட்டோவியமாகக் காட்டி, திசை சரிதான் என்று இசைவு பெற்ற பின்னரே நுணுக்கமாக வரையுங்கள். பென்பாட், இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற கருவிகளில் வரைந்து மூலக்கோப்பையும் கொடுத்தால், பிறகு வருபவரும் அதைத் திருத்தலாம். எல்லாம் சரியாக நடக்கும் ஒரு திரையை மட்டும் வரைந்து நிறுத்திவிடாதீர்கள். ஏற்றுமதி தோல்வியுற்றால் என்ன தெரியும், மொழிபெயர்ப்பில் சொற்கள் நீண்டால் பொத்தான் தாங்குமா, கருநிறத் தோற்றத்தில் எப்படி இருக்கும், விசைப்பலகையால் மட்டும் அவ்விடத்தை அடைய முடியுமா என்பனவற்றையும் நிரலாளர் உங்களிடம்தான் கேட்பார்.

பழகியவர்களின் கைப்பழக்கத்தையும் மதிக்க வேண்டும். முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் 2019-இல் தன் 2.80 பதிப்பில் இடது சொடுக்கால் தேர்ந்தெடுப்பதை இயல்பாக்கியபோது, பழைய வலது சொடுக்கு முறையை அமைப்புகளில் விட்டுவைத்தது. உங்கள் மாற்றம் யாருடைய நீண்டநாள் பழக்கத்தையாவது உடைக்குமானால், அதை நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

ஒரு சொல்லையோ நிறத்தையோ மாற்றுவதற்குப் பெரிய நிரலறிவு தேவையில்லை. திட்டங்களின் நிரலைச் சேமித்துப் பகிரும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் ஆகியவற்றில் உலாவியிலேயே கோப்பைத் திருத்தி அனுப்பலாம். மாற்றம் ஏற்கப்பட்டுப் புதிய பதிப்பு வெளிவந்ததும், அதே வேலையை வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் பொத்தானை மறுபடி அழுத்தினர் என்பதை அதே இஷ்யூவின் கீழே பதிவுசெய்யுங்கள்.