தண்டுவடக் காயத்துக்குப் பின் மலப் பராமரிப்பு: நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியவை

தண்டுவடம் காயப்பட்டவர்களில் பலருக்கு மலக்குடல் நிறைந்திருப்பது தெரிவதில்லை. தெரிந்தாலும் நினைத்தபடி அடக்கவோ வெளியேற்றவோ முடிவதில்லை. மருத்துவமனையில் கற்றுத்தந்த முறை வீட்டில் பலன் தருகிறதா என்பதை ‘பரவாயில்லை, போகிறது’ என்ற பதிலை வைத்து எந்த மருத்துவராலும் கணிக்க முடியாது. அதற்கு அன்றன்றே எழுதிய குறிப்பு வேண்டும்.

முதல் பக்கத்தில், காயத்துக்குப் பின் குடல் எந்த வகையில் இயங்குகிறது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காயம் தண்டுவடத்தின் கீழ்நுனிக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் அனிச்சைச் செயல் எஞ்சியிருக்கும். ஆசனவாய் இறுக்கமாக இருக்கும். சப்போசிட்டரியும் (ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்து) கையுறை அணிந்த விரலால் மலக்குடலுக்குள் தரும் தூண்டலும் வேலை செய்யும். கீழ்நுனியோ அதற்குக் கீழுள்ள நரம்புகளோ சேதமானால் ஆசனவாய் தளர்ந்துவிடும். மலத்தை விரலால் எடுக்க வேண்டியிருக்கும். முதல் வகையினருக்கு மலம் மென்மையாக, பிரிஸ்டல் அட்டவணையின் (மலத்தை அதன் வடிவத்தையும் கெட்டித்தன்மையையும் வைத்து 1 முதல் 7 வரை வகைப்படுத்துவது) 4ஆம் வகையாக இருப்பது நல்லது. இரண்டாம் வகையினருக்கு அதே மென்மை கசிவில் முடியலாம் என்பதால் சற்றுக் கெட்டியான 3ஆம் வகையே ஏற்றது. இந்த வேறுபாடு தெரியாமல் ஒருவருக்குப் பலித்த மருந்தளவை இன்னொருவர் பின்பற்றுவதை அடிக்கடி பார்க்கிறோம், அது வேண்டாம்.

ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘காலை 6.30 இட்லி, காபி. 7.00 சப்போசிட்டரி. 7.20 விரல் தூண்டல், 20 விநாடி, 7.30 மீண்டும் ஒருமுறை. 7.35 முதல் மலம், 4ஆம் வகை, நடுத்தர அளவு. 7.50 முடிந்தது. ரத்தம் இல்லை. நேற்று மாலை ஒருமுறை கசிவு.’ சாப்பிட்ட அரை மணி நேரத்தில் குடல் தானாகவே சுறுசுறுப்படையும் என்பதால் உணவு நேரத்தையும் விடாமல் எழுதுங்கள்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அடிக்கடி நீள்கிறது, இடையில் கசிகிறது, குறித்த நாளில் மலமே வருவதில்லை என்றால் முறையை மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று முதல் ஐந்து முறை பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நார்ச்சத்து, மலமிளக்கி, நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது.

குடும்பங்கள் பெரிதும் ஏமாறுவது நீர்மலத்தில்தான். நான்கு நாள் ஒன்றும் வராமல் ஐந்தாம் நாள் டயப்பரில் நீராகக் கசிந்தால், வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பேதி நிற்க மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே கல்லாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் நீராக அது இருக்கலாம். அந்த மாத்திரை அடைப்பை மேலும் இறுக்கும். குறிப்பேட்டில் முந்தைய நான்கு நாள்களும் வெறுமையாக இருப்பதைக் கண்டாலே சந்தேகம் வர வேண்டும். மாத்திரைக்கு முன் மருத்துவரையோ செவிலியரையோ கொண்டு மலக்குடலைச் சோதித்துவிடுங்கள்.

மார்பு முள்ளெலும்பு 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்கள் தம் வழக்கமான ரத்த அழுத்தத்தையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். மலம் எடுக்கும்போது திடீரென மண்டை இடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, காயத்துக்கு மேலே வியர்த்து, மேல் அழுத்தம் வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே விரலை எடுத்துவிட்டு, அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

கமோடு நாற்காலியிலிருந்து இறங்கியதும் பிட்டத் தோலைப் பார்த்து, சிவப்பு இருந்தால் குறித்துவையுங்கள். எழுதுவது அம்மாவோ மனைவியோ ஆனாலும் என்ன எழுதுவது என்பதைக் காயப்பட்டவரே சொல்லட்டும். அது அவருடைய உடல். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அந்த நோட்டுடன் அன்றே கிளம்பிவிடுங்கள்.