சிறுவருக்குக் கோடாரி தேர்ந்தெடுக்க ஒரு சோதனை

காம்பின் நுனியை ஒரு கையால் பிடித்து, கையை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நடுங்காமல் தாங்க முடிகிற கைக்கோடாரியையே சிறுவருக்கு வாங்குங்கள். வெட்டப் பழகும்போது முழங்காலிட்டே வெட்டச் சொல்லுங்கள்.

தாங்க முடியாத எடை, ஓங்கும்போது மணிக்கட்டின் கட்டுப்பாட்டை மீறிவிடும். குட்டையான காம்புள்ள கோடாரி பார்வைக்குப் பாதுகாப்பாகத் தோன்றினாலும், நின்றுகொண்டு வெட்டுகையில் குறி தவறினால் அதன் வீச்சு நேரே முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ வந்து முடிகிறது. முழங்காலிட்டு, விறகை அடிக்கட்டையின் எதிர்ப்புற ஓரத்தில் வைத்து வெட்டினால், தவறிய வெட்டு பெரும்பாலும் கட்டையிலோ மண்ணிலோ இறங்கும். மழுங்கிய கோடாரி கொடுப்பது பாதுகாப்பு என்று பலர் எண்ணுவது தவறு: அது மரத்தில் பதியாமல் வழுக்கிப் பாயும்.

இரு கைகளால் ஓங்கும் நீளக் காம்புக் கோடாரிக்கு இம்முறை பொருந்தாது. நிறுத்து என்றவுடன் நிறுத்தாத பிள்ளைக்கு எந்தக் கோடாரியும் பொருந்தாது.